உடைத்துப் பார்க்க ஏன் இத்தனை மாதம்?

“ரிசல்ட் எப்ப சார் வரும்?”

விண்கலத்துக்குப் பாகம் வடிவமைக்கும் பொறியாளர்களிடமிருந்து எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியோடுதான் தொடங்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வரைபடம் கணினியில் தயார், அச்சு தயார், ஏவும் மாதம்கூட முடிவாகியிருக்கும். ஆனால் தேர்ந்தெடுத்த பொருள் எவ்வளவு இழுவையைத் தாங்கும், எவ்வளவு நசுக்கலைத் தாங்கும் என்ற எண்கள் கைக்கு வராமல் அவர்களால் ஓர் அடுக்கைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அந்த எண்களுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூட்டுப்பொருள் துண்டுகளை இழுத்தும் நசுக்கியும் உடைத்து, உடைந்த விதத்தைப் பதிவுசெய்வது என் தொழில். இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது, அதில் எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைப் பொதுவாசகர்களிடமும் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

கூட்டுப்பொருள் என்று இங்கே நான் சொல்வது பெரும்பாலும் கார்பன் இழையும் எப்பாக்சி ரெசினும் சேர்ந்தது. ஓர் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான்தான். ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் பரப்பி, ரெசினில் தோய்த்து, முழுதாக இறுகவிடாமல் சுருளாகச் சுற்றி அனுப்புவார்கள். அதற்கு ப்ரீப்ரெக் என்று பெயர். உறைபெட்டியில் வைத்துக் காக்க வேண்டும். அந்தத் தாள்களை வேண்டிய திசைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் சூடாக்கினால் கெட்டியான தகடு கிடைக்கும். அதன் எடை ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.6 கிராம். அலுமினியம் 2.7 கிராம், எஃகு 7.8 கிராம். ராக்கெட்டின் கடைசிக் கட்டத்தில் ஒரு கிலோவைக் குறைத்தால் செயற்கைக்கோளுக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், விண்வெளித் துறை இந்தப் பொருளை விடுவதாயில்லை.

இந்தத் தகட்டிலிருந்து 15 மில்லிமீட்டர் அகலம், 250 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பட்டையை வெட்டுகிறோம். எங்கள் பேச்சில் அது கூப்பன். இழைகளெல்லாம் நீளவாக்கில் ஓடும்படி வெட்டிய கூப்பனை இழுத்தால் இரண்டு டன்னுக்கும் மேல் தாங்கிவிட்டு, அறை அதிரும் சத்தத்தோடு துடைப்பக் குச்சிகளாகச் சிதறும். அதே தகட்டில் இழைகள் குறுக்கே கிடக்கும்படி அதே அளவில் வெட்டினால் எழுபது எண்பது கிலோவிலேயே சத்தமில்லாமல் இரண்டாகிவிடும். மூங்கிலைப் பிளந்தவர்களுக்கு இது புரியும். நீளவாக்கில் கத்தி தானாக இறங்கும், குறுக்கே வெட்டினால் கை வலிக்கும். எஃகுக்கு இந்தத் திசைபேதம் கிடையாது. ஆகவே எஃகைச் சோதிக்கிற எண்ணிக்கையில் கூட்டுப்பொருளைச் சோதித்தால் போதாது.

எத்தனை துண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இழை நெடுக இழுத்தல், நெடுக நசுக்கல், குறுக்கே இழுத்தல், குறுக்கே நசுக்கல், வெட்டுவிசை என்று அடிப்படைச் சோதனைகள் ஐந்து. ஒவ்வொன்றையும் கடுங்குளிரில், அறை வெப்பத்தில், சூட்டில், ஈரம் ஏறிய நிலையில் சூட்டில் என நான்கு சூழல்களில் செய்ய வேண்டும். இந்தத் துறையின் கையேடான சி.எம்.எச்-17, ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது மூன்று தனித்தனித் தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து 18 துண்டுகளைக் கேட்கிறது. ஐந்தை நான்கால், பிறகு பதினெட்டால் பெருக்கினால் 360. அது கேட்கும் முழு அளவான 30 துண்டுகள் என்றால் 600.

இத்தனை துண்டுகளை உடைத்துப் பெறும் எண்ணுக்கு பி-பேசிஸ் என்று பெயர். நூற்றுக்குத் தொண்ணூறு துண்டாவது இதற்கு மேல் தாங்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடிய மதிப்பு அது. அந்த ஒரு பாகம் போனால் எல்லாமே போய்விடும் என்கிற இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்ற ஏ-பேசிஸ் மதிப்பு வேண்டும். அதற்கு ஐந்து தொகுதிகளிலிருந்து 55 துண்டுகளாவது தேவை. இதெல்லாம் அடிப்படி மட்டுமே. இதற்குமேல் துளையிட்ட துண்டு, போல்ட் மாட்டிய துண்டு, விறைப்புப் பட்டை ஒட்டிய பலகை, கடைசியில் முழுப் பாகம் என்று படிகள் ஏறிக்கொண்டே போகும்.

இவ்வளவையும் உடைப்பதற்குத்தான் மாதங்கள் ஆகின்றன என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். இழுவைச் சோதனையில் இயந்திரம் நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஒரு நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் துண்டு உடைந்துவிடும். 360 துண்டுக்கு ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் வைத்தாலும் 60 மணி நேரம். இரண்டு வாரத்துக்குள் முடிகிற வேலை.

நேரத்தைத் தின்பது மற்றவை. தண்ணீர் ஊற்றியபடி வைரச் சக்கரத்தால் வெட்டவேண்டும். இழைத் திசையிலிருந்து ஒரு டிகிரி சாய்ந்தாலே பலத்தைக் குறைத்துக் காட்டும். இயந்திரத்தின் கிரிப் பற்கள் கார்பனைக் கடித்துவிடாமலிருக்க இரண்டு முனைகளிலும் கண்ணாடியிழைத் தகட்டுத் துண்டுகளை ஒட்டவேண்டும். டேப் என்போம். பசை இறுக ஓர் இரவு. பிறகு மூன்று இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்து அகலமும் தடிமனும் அளக்கவேண்டும். நீட்சியை அளக்க ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி, மயிரிழைக் கம்பியைப் பற்றவைக்கவேண்டும். எங்கள் மூத்த டெக்னீஷியன் கேஜ் ஒட்டும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார். “பேசாதீங்க தம்பி, மூச்சுக் காத்துல நகர்ந்துடும்” என்பார். அத்தனை பாடுபட்டும் துண்டு கிரிப்புக்குள்ளேயே உடைந்துவிட்டால் அந்த எண் செல்லாது. இன்னொரு துண்டுக்கு மறுபடி முதலிலிருந்து.

எல்லாவற்றையும்விட நீளமான காத்திருப்பு ஈரத்துக்கு. 70 டிகிரி சூடும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டியில் துண்டுகளை அடுக்கி, இனி எடை ஏறாது என்று தராசு சொல்லும்வரை நிறுத்தி நிறுத்தி எடைபோட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வாரங்கள் ஆகும், தடிமனாக இருந்தால் மாதங்கள். விண்வெளியில் ஈரம் ஏது என்று கேட்கலாம். ஸ்ரீஹரிகோட்டா கடற்கரைக் காற்றில் காத்திருக்கும்போதே ரெசின் ஈரத்தைக் குடித்துவிடும். மேலே போனதும் வெற்றிடத்தில் அந்த ஈரம் வெளியேறி, பாகம் சுருங்கும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் உள்சட்டம் கார்பன் எப்பாக்சியால் ஆனது. அது ஈரத்தை இழந்து சுருங்கிக்கொண்டே வந்ததால், கண்ணாடிகளின் இடைவெளியை அவ்வப்போது நகர்த்திக் குவியத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர் என்னிடம், “மெஷினோட ஸ்பீடைப் பத்து மடங்கு ஏத்திட்டா என்ன சார்?” என்று கேட்டார். ஏற்றக்கூடாது. ரெசின் நேரத்துக்குத் தக்கபடி நடந்துகொள்ளும் பொருள். வேகமாக இழுத்தால் விறைத்து நின்று அதிகம் தாங்குவதாகக் காட்டும். வெட்டுவிசைச் சோதனையில் இது நன்றாகவே தெரியும். அந்த உயர்ந்த எண்ணை நம்பி மெல்லிய சுவர் கட்டினால், மெதுவாக ஏறும் சுமையில் அது கைவிட்டுவிடும்.

இப்போது நான் மனதில் வைத்திருக்கும் நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

நாசாவும் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனமும் 1996இல் எக்ஸ்-33 என்ற சோதனைக் கலத்தைத் தொடங்கின. செங்குத்தாக ஏறி, ஓடுபாதையில் இறங்கி, மறுபடி பறக்கவேண்டிய கலம். அதன் திரவ ஹைட்ரஜன் தொட்டிகளைக் கார்பன் கூட்டுப்பொருளில் செய்தார்கள். இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே தேன்கூட்டு அறைகள். 1999 நவம்பர் 3ஆம் தேதி, அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரிலுள்ள மார்ஷல் விண்வெளி மையத்தில், மைனஸ் 253 டிகிரியில் உள்ள திரவ ஹைட்ரஜனை நிரப்பி, அழுத்தம் ஏற்றி, பறக்கும்போது வரும் சுமைகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். தொட்டி தாங்கியது. ஹைட்ரஜனை வெளியே எடுத்தபிறகு, சுமை எதுவும் இல்லாத நேரத்தில், வெளித்தகடும் தேன்கூடும் உள்தகட்டை விட்டுப் பிய்ந்துகொண்டன.

என்ன நடந்தது என்பதை மறு ஆண்டு விசாரணை அறிக்கை சொன்னது. குளிரில் ரெசின் வெகுவாகச் சுருங்கும், கார்பன் இழை ஏறத்தாழச் சுருங்காது. வெவ்வேறு திசைகளில் அடுக்கிய தாள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் ரெசினுக்குச் சுருங்க வழியில்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. உள்தகட்டில் விழுந்த அந்த விரிசல்கள் வழியே ஹைட்ரஜன் தேன்கூட்டு அறைகளுக்குள் போய்விட்டது. வெளியே சூழ்ந்திருந்த நைட்ரஜனையும் குளிர் உள்ளே இழுத்துக்கொண்டது. தொட்டி சூடாகத் தொடங்கியதும் உள்ளே அடைபட்டது வாயுவாக விரிந்து, எதிர்பார்த்ததைவிடப் பலவீனமாயிருந்த ஒட்டைப் பிரித்தெறிந்தது. தொட்டி மட்டுமே காரணம் இல்லையென்றாலும், நூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்த அந்தத் திட்டம் 2001இல் கைவிடப்பட்டது.

பலம் எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தத் தொட்டி சரியாகவே பதில் சொன்னது. அதைக் கீழே தள்ளியது வேறொரு கேள்வி: இந்தக் குளிரில், இவ்வளவு இழுவிசையில், சுவரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வாயு கசிய வழி திறக்குமா? உள்ளங்கை அகலத் தகட்டைக் குளிரவைத்து, இழுத்துப் பிடித்து, மறுபக்கம் வரும் வாயுவை அளந்து இதைப் பார்க்கலாம். இப்போது பார்க்கிறார்கள். நாசாவுக்காக போயிங் செய்த 5.5 மீட்டர் விட்டமுள்ள கூட்டுப்பொருள் தொட்டி 2014இல் அதே மார்ஷல் மையத்தில் திரவ ஹைட்ரஜனோடு சோதனையைத் தாண்டியது. விரிசலைத் தடுக்கும் மிக மெல்லிய தாள்களை அதன் சுவரில் சேர்த்திருந்தார்கள்.

சோதனை வேகப்படவேண்டும் என்று நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான். வழக்கமான 360 துண்டுகளிலேயே கெடுவும் பணமும் தீர்ந்துபோனால், யாரும் கேட்காத கேள்விக்கான 361ஆவது துண்டுக்கு எவர் நேரம் ஒதுக்குவார்? அந்தத் துண்டுக்கு இடம் வேண்டுமென்றால் முதல் 360ஐச் சுருக்கியாக வேண்டும்.

சுருக்கும் வழிகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஸ்டீபன் சாய் என்பவருடையது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கூட்டுப்பொருள் எப்போது முறியும் என்று கணிக்க உலகமெங்கும் பயன்படும் சாய்–வூ விதியில் வரும் சாய் இவர்தான். அந்த விதி 1971இல் வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2014இல், பிரேசில் நாட்டு ஆய்வாளர் மெலோவுடன் சேர்ந்து இன்னொன்றைக் காட்டினார். ஒரு தாளின் நெடுக்கு விறைப்பு, குறுக்கு விறைப்பு, வெட்டு விறைப்பின் இரு மடங்கு மூன்றையும் கூட்டினால் வரும் தொகை, தாளை எந்தக் கோணத்தில் திருப்பினாலும் மாறாது. இந்தத் தொகையில் நெடுக்கு விறைப்பின் பங்கு, வெவ்வேறு கம்பெனிகளின் கார்பன் கூட்டுப்பொருள்களிலும் சுமார் 88 சதவீதமாகவே நிற்கிறது. மற்றவற்றின் பங்குகளும் அதிகம் அலைவதில்லை. ஆக, நெடுக ஒரு துண்டை இழுத்து விறைப்பை அளந்தால், மற்ற விறைப்புகளை ஏறத்தாழக் கணக்கிலேயே எடுத்துவிடலாம். முறியும் பலத்துக்கு இது போதாது, அதற்கு உடைத்தே ஆகவேண்டும். ஆனால் பத்துப் பொருள்களில் எது நமக்கு ஆகும் என்று வடிகட்டும் தொடக்க வேலை, மாதங்களிலிருந்து நாட்களுக்கு இறங்குகிறது.

இரண்டாவது, கேமரா. துண்டின்மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கறுப்புப் புள்ளிகளைத் தெளிப்போம். இழுக்க இழுக்க இரண்டு கேமராக்கள் படமெடுத்துக்கொண்டே இருக்கும். புள்ளிகள் எங்கெங்கே நகர்ந்தன என்று கணினி ஒப்பிட்டு, துண்டின் முழுப் பரப்பிலும் நீட்சியைக் கணக்கிடும். தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1980களில் வளர்ந்த முறை இது. ஒரு கேஜ் ஓர் இடத்தைச் சொல்லும், கேமரா ஆயிரக்கணக்கான இடங்களைச் சொல்லும். ஒட்டுகிற வேலையும் கம்பி இழுக்கிற வேலையும் மிச்சம். துண்டு கிரிப்பில் கோணலாக மாட்டியிருந்தால் திரையிலேயே தெரிந்துவிடும், நிறுத்திச் சரிசெய்யலாம். இன்னும் மேலே போய், நீட்சி இடத்துக்கிடம் மாறும்படி வேண்டுமென்றே வடிவமைத்த ஒரே துண்டிலிருந்து நான்கு விறைப்பு மாறிலிகளையும் ஒருசேரப் பிழிந்தெடுக்கும் கணக்குமுறையும் இருக்கிறது. முதன்முதலாகத் திரையில் விரிசல் பிறக்கும் இடம் சிவப்பாக மாறிவருவதைப் பார்த்தபோது எங்கள் டெக்னீஷியன் அண்ணன் இயந்திரத்தை விட்டுத் திரையருகே வந்து நின்றுவிட்டார். “இத்தனை வருஷம் கண்ணைக் கட்டிக்கிட்டு உடைச்சிருக்கோம் தம்பி” என்றார்.

ஈரத்துக்கு இயற்கையே ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. ஈரம் ஊற ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசி. ஆண்டுக்கணக்கில் மெல்ல நெகிழும் பண்பைக் கணிக்க, ஜப்பானின் கனசாவா தொழில்நுட்பக் கழகத்தில் மியானோ குழுவினர் வளர்த்த முறை வெப்பத்தைப் பயன்படுத்துகிறது. சூட்டில் சில மணி நேரத்தில் ரெசின் காட்டும் நெகிழ்வை, குளிர்ந்த நிலையில் பல ஆண்டுகளில் காட்டப்போவதோடு பொருத்தலாம். ரெசின் இளகிப்போகும் வெப்பநிலையைத் தொட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த சுற்றுப்பாதையில் உள்ள கலம் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறும். ஆண்டுக்கு ஏறக்குறைய 5,800 முறை. அத்தனையையும் தரையில் செய்து பார்க்க முடியாது. பல ரெசின்களில் விரிசல்கள் தொடக்கச் சுற்றுகளில் வேகமாகப் பெருகிப் பிறகு அடங்குவதால், சில நூறு சுற்றுகளே நிறையச் சொல்லிவிடுகின்றன.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் மிச்சப்படுத்துவது, ஒருவர் உடைத்ததை இன்னொருவர் மறுபடி உடைக்காமலிருப்பது. அமெரிக்காவின் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்கேம்ப் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே ஒரு பொருளை முழுமையாகச் சோதித்து, எண்களை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். அதே பொருளை வாங்கும் கம்பெனி, தன் ஆட்டோகிளேவில் செய்த தகடும் அதற்கு இணையானதுதான் என்று காட்டினால் போதும். ஒரு பலச் சோதனைக்குப் பொதுவாக எட்டுத் துண்டுகள். பதினெட்டும் முப்பதும் எட்டாகக் குறைகிற இந்த வழிக்கு எந்தப் புது இயந்திரமும் வேண்டாம்.

அவசரப்படுத்த முடியாதவையும் உண்டு. வாயுக் கலன்களில் சுற்றிய இழை, நிலையான இழுவிசையில் ஆண்டுகள் கழித்து, முன்னறிவிப்பே இல்லாமல் அறுந்துபோகலாம். அமெரிக்க ஆய்வகங்களில் கண்ணாடியிழை, கெவ்லார் புரிகளில் எடையைத் தொங்கவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்துதான் அந்த நடத்தையை அறிந்தார்கள்.

முழு அளவுப் பாகத்தின்மேல் செய்யும் சோதனையையும் தவிர்க்க முடியாது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்த கொலம்பியா விண்ணோடத்தை நாம் மறக்கவில்லை. அதன் இறக்கையின் முன்விளிம்பு கார்பன்–கார்பன் கூட்டுப்பொருளால் ஆனது. எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு அதை உடைத்திருக்க முடியுமா என்பதில் நாசாவுக்குள்ளேயே பலருக்கு நம்பிக்கை இல்லை. 2003 ஜூலையில் டெக்சாஸின் சான் அன்டோனியோவில், முக்கால் கிலோ எடையுள்ள நுரைத்துண்டை மணிக்குச் சுமார் 850 கிலோமீட்டர் வேகத்தில் உண்மையான இறக்கைப் பலகைமேல் சுட்டார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பெரும் ஓட்டை விழுந்தது. விபத்து நடந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு சோதனையை முன்பே செய்திருக்கலாமே என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

நம் நாட்டிலும் இந்தப் பொருள்களுக்கு வேலை கூடிக்கொண்டே வருகிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சினுக்கு, கொலம்பியம் உலோகக் கலவைக்குப் பதிலாகக் கார்பன்–கார்பன் முனைக்குழலை விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்தது. 2024 ஏப்ரல் 2ஆம் தேதி திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 200 விநாடி எரித்துச் சோதித்தார்கள். குழலின் வெப்பம் சுமார் 940 டிகிரி செல்சியஸைத் தொட்டது. எடை மூன்றில் இரண்டு பங்கு குறைந்ததால் ராக்கெட் 15 கிலோவரை கூடுதலாகச் சுமக்க முடியும் என்று இஸ்ரோ அறிவித்தது. 2022 நவம்பரில் பறந்த ஹைதராபாத் ஸ்கைரூட்டின் விக்ரம்-எஸ் ராக்கெட்டின் உடலும் கார்பன் கூட்டுப்பொருள்தான். இன்னும் பல இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரும் தன் 360 துண்டுகளைத் தனியாக உடைக்கப் பணத்துக்கும் நாளுக்கும் எங்கே போவார்கள்?

பல்கலைக்கழகங்களிலும் அரசு ஆய்வகங்களிலும் பொதுப்பணத்தில் உடைபட்ட துண்டுகளின் எண்களை, பாதுகாப்பு ரகசியம் இல்லாத வரையில், எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். சராசரியை மட்டும் போட்டால் பயனில்லை. எந்தத் தொகுதி, எவ்வளவு ஈரம், என்ன வேகம், எந்த இடத்தில் எப்படி உடைந்தது என்று ஒவ்வொரு துண்டின் வரலாறும் வேண்டும். தள்ளிவிட்ட துண்டுகளின் எண்களும், தள்ளிய காரணமும் வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்டுக்காகக் கூப்பன் உடைக்கும் மாணவர்களை இதைப் படிக்கும் ஆசிரியர்கள் இந்த ஆண்டே இப்படி எழுதிவைக்கப் பழக்குங்கள். செலவு ஒரு நோட்டுப் புத்தகம்தான்.